வீட்டுக்காரருக்கும் ஐந்தே நிமிடம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை எங்கே இருக்கிறது என்று கேட்டால், வாசலில் நிற்கும் காவலாளிகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கையை நீட்டுவார். நூலகத்தைத் தாண்டி, விளையாட்டு மைதானத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகவேண்டும். ஒரு காலத்தில் உடைந்த நாற்காலி மேசைகளைப் போட்டு வைத்திருந்த ஓட்டுக் கட்டடம் அது. அங்கேதான் அந்தப் பேராசிரியை வருஷக்கணக்காக மாணவர்களுக்குக் கல்லைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் பாறை மேடம். பாறையைப் பற்றிப் பாடம் எடுப்பதால் வந்த பேர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நின்றுவிட்டால் யார் தள்ளினாலும் நகரமாட்டார் என்பதால் வைத்தது என்று வைத்தவர்களுக்குத் தெரியும்.

குரலும் அதற்கேற்ற குரல்தான். குன்றின் மேல் காற்றடிக்கும்போது கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்கிற மாதிரி கத்திக் கத்திப் பழகிப்போனது. வீட்டில் உப்புக் கேட்டாலே அடுத்த வீட்டுக்காரர் எழுந்து உப்பு டப்பாவைத் தேடுவார் என்று அவருடைய கணவர் சொல்வதுண்டு.

கணவரும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். கணிதத் துறைத் தலைவர். ஊர் முழுக்கக் கணக்கு சார். இருவரும் வேலைக்கான நேர்காணலுக்கு ஒரே நாளில் வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். முதலில் உள்ளே போய்விட்டு வந்தவர் கணக்கு சார்.

"உள்ள என்னங்க கேக்கறாங்க?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டார்.

"யாரு சொல்லி வந்தீங்கன்னு கேட்டாங்க. யாரும் சொல்லலன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க."

அந்த வருஷம் வேறு யாரும் பெரிதாக விண்ணப்பிக்காததால் இருவருக்கும் வேலை கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் கல்யாணம். ஒரே மகள், இப்போது வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்கும் வேலையில் இருக்கிறாள்.

கணக்கு சாரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடவேண்டும். நல்ல ஆசிரியர். கரும்பலகையில் அவர் போடும் வட்டத்துக்குக் கருவி தேவைப்படாது. ஆனால் துறைத் தலைவர் ஆன பிறகு கரும்பலகைப் பக்கம் போவது குறைந்துவிட்டது. தலைவருக்கென்று தனி அறை, குளிர்சாதனம், சுழல் நாற்காலி, மேசையில் ஒரு அழைப்பு மணி. அங்கே ஒருவர் துறைத் தலைவர் ஆனால் ஓய்வு பெறும்வரை தலைவர்தான். யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. அப்படியே நடந்து வந்தது, அவ்வளவுதான். சாரும் அந்த நாற்காலியில் பத்து வருஷத்துக்கு மேல் சுகமாகச் சுழன்றுகொண்டிருந்தார்.

துறைகள் அப்படி இருந்தால், மேலே அதைவிட மோசம். ஆட்சிக்குழு என்று ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தில் எதை முடிவு செய்வதானாலும் அதுதான் செய்யவேண்டும் என்பது சட்டம். உறுப்பினர்கள் எல்லோருமே அரசாங்கம் நியமித்தவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு கூடுவார்கள். துணைவேந்தர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருப்பதில் கையெழுத்துப் போடுவார்கள். சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறுவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது. சொல்லப்போனால் உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது.

பாறை மேடத்துக்கும் அதிலெல்லாம் அக்கறை இருந்ததில்லை. அவருக்குக் கல் போதும், மாணவர்கள் போதும். அந்த மாணவிக்கு நடந்தது நடக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை அப்படியே இருந்திருப்பார்.

பழச்சாறுக் கடைக்காரர் ஒருவரின் மகள். துறையிலேயே முதலிடம். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் தேர்வு முடிவைக் காட்டவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் போட்டு, எல்லாம் தயார். ஆட்சிக்குழு ஒப்புதல் கொடுத்தால் முடிவு வெளிவரும். ஆட்சிக்குழுவைக் கூட்டத் துணைவேந்தரால்தான் முடியும். துணைவேந்தர் ஏதோ மாநாடு என்று கடல் கடந்து போயிருந்தார்.

மேடம் மாணவியைக் கூட்டிக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனார்.

"எங்க கையில ஒண்ணும் இல்ல மேடம். ஃபைல் மேல இருக்கு," என்றார் எழுத்தர்.

"மேலன்னா எங்க?"

எழுத்தர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். பாவம், அவருக்கும் அதற்குமேல் தெரியாது. தேர்வு அதிகாரி பதிவாளரைக் காட்டினார். பதிவாளர் துணைவேந்தரின் பூட்டிய அறையைக் காட்டினார். துணைவேந்தரின் செயலாளர், தேர்வு அதிகாரியைக் கேட்டுப் பாருங்கள் என்றார். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தபோது மாணவி மெதுவாக, "விடுங்க மேடம்," என்றாள். அழவில்லை. அவள் அழாததுதான் மேடத்தை என்னவோ செய்தது. தேதி கடந்தது. இடமும் போனது. அடுத்த வருஷம் வேறோர் இடத்துக்கு அவள் போய், இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் போனது போனதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மேடம் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்க துறைத் தலைவர்தானே? இத யாரு முடிவு பண்றாங்கன்னு எனக்குச் சொல்லுங்க. அது போதும்."

"துணைவேந்தர்தான். வேற யாரு?" என்றார் சார்.

"அவர் ஊர்ல இல்லன்னா?"

"வந்ததும் பண்ணுவார்."

"வரலன்னா? அங்கயே உடம்புக்கு முடியாம படுத்துட்டார்னா?"

சார் எத்தனையோ கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர். எத்தனையோ சுற்றறிக்கைகளில் கையெழுத்திட்டவர். தம் பல்கலைக்கழகம் எப்படி நடக்கிறது என்று தமக்கே தெரியாது என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்கு உறைத்தது.

"தெரியலையே," என்றார்.

"எனக்கும் தெரியல. அதான் கேவலமா இருக்கு," என்றார் மேடம். அதற்குப் பிறகுதான் பையைக் கீழே வைத்தார்.

அரசாங்கம் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தியதும் அதே சமயத்தில்தான். ஆட்சிக்குழுவில் இனி ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் ஆகியோர் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இடம் உண்டு என்று வந்தது. ஆசிரியர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பத்துப் பேர் தலையாட்டுகிற இடத்தில் பதினோராவது தலை எதற்கு என்றார்கள். பாறை மேடம் மட்டும் மனு கொடுத்தார். கடைசி நாளில் வேதியியல் துறைத் தலைவரும் கொடுத்தார். மேடம் களப்பணிக்குப் போடும் தடித்த காலணியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கினார். எல்லோரிடமும் ஒரே பேச்சுதான்: "உள்ள நடக்கறத வெளிய வந்து சொல்லுவேன். வேற எதுவும் வாக்குக் கொடுக்கல."

வாக்கெடுப்பு ரகசியம். கணக்கு சார் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை மேடம் கேட்டதில்லை. சாரும் சொன்னதில்லை. வேதியியல் தலைவர் சாரின் பல வருஷத்து நண்பர் என்பதை மட்டும் இங்கே சொல்லலாம். மேடம் ஜெயித்தார்.

முதல் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்ததும் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கட்டுக் காகிதம் வைக்கப்பட்டது. பக்கத்தில் பேனா. மற்றவர்கள் பேனாவை எடுத்தார்கள். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அறையில் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. தேநீர் ஆறியது. ஒரு உறுப்பினர் இருமிப் பார்த்தார்.

"மேடம், இதெல்லாம் வெறும் ஃபார்மாலிட்டி," என்றார் துணைவேந்தர்.

"சரி சார். ஃபார்மாலிட்டியையும் படிச்சுட்டுப் போடறேன். இதெல்லாம் முன்னாடியே கையில கிடைச்சிருந்தா வீட்லயே படிச்சுட்டு வந்திருப்பேன். உங்களையெல்லாம் காக்க வச்சிருக்க மாட்டேன்."

சொன்னதில் கேலி இல்லை, கோபம் இல்லை. சாப்பாட்டு வேளை தாண்டியும் அவர் படித்துக்கொண்டிருந்தார். அலுவலர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய நூலகப் பணியாளரும், மாணவர்கள் அனுப்பிய சட்ட மாணவியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். பசி வந்தால் பெரிய மனிதர்களும் வழிக்கு வருவார்கள். அடுத்த கூட்டத்துக்கான காகிதங்கள் ஒரு வாரம் முன்பே எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன.

அங்கே தொடங்கியது. கூட்டத்தில் எடுத்த முடிவுகள் மறுநாளே அறிவிப்புப் பலகைக்கு வந்தன. மதிய இடைவேளையில் அந்தப் பலகை முன்னால் கூட்டம் சேர ஆரம்பித்தது. தேர்வு முடிவுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் தேர்வுக் குழுவுக்கே போனது. யார் வெளிநாட்டில் இருந்தாலும், யார் படுக்கையில் இருந்தாலும், முடிவு வரவேண்டிய நாளில் வந்துவிடும். அந்தத் தீர்மானம் நிறைவேறிய அன்று துணைவேந்தர் மேடத்தைத் தனியே நிறுத்தினார். அவரும் கெட்டவர் இல்லை. எல்லாச் சுமையையும் தலையிலேயே ஏற்றிக்கொண்டு கழுத்து வலியோடு திரிந்த மனிதர்.

"நான் பார்த்தாதான் எதுவும் நடக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன் மேடம். இந்த வாரம் ஒரு நாள் கூட எங்கிட்ட யாரும் கையெழுத்துக்கு வந்து நிக்கல. வீட்டுக்குச் சீக்கிரம் போனேன்," என்றார்.

இதையெல்லாம் கணக்கு சார் வீட்டில் கேட்டார், கேன்டீனில் கேட்டார், நடைபாதையில் கேட்டார். "உங்க வீட்டம்மா கலக்கறாங்க சார்" என்று தோட்டக்காரர் சொன்னபோது, ஏதோ தாமே கலக்கியதுபோல் நெஞ்சு நிமிர்ந்தது. அது அவரது சுழல் நாற்காலியைத் தொடாதவரை.

அடுத்து வந்தது அதுதான். துறைத் தலைவர் பதவியைச் சுழற்சி முறையில் எல்லோருக்கும் தரலாமா என்று ஆராய ஆட்சிக்குழு ஒரு துணைக்குழு போட்டது. அதன் தலைவர் பாறை மேடம். செய்தி பரவிய அன்று மாலையே வேதியியல் தலைவரும் இன்னும் இரண்டு தலைவர்களும் கணக்கு சார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். மேடம் இன்னும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

"நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா கேக்காமலா போயிடுவாங்க?" என்றார் வேதியியல்.

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பதில் இருந்தது. ஆனாலும் அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தபோது, சொல்லத் தம்மிடமும் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. மேடம் வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்ததும் இவரும் எதிரில் ஒரு கத்தியோடு உட்கார்ந்தார்.

"அந்தத் துறைத் தலைவர் விஷயத்தப் பத்தி..."

மேடம் கையை நிறுத்தவில்லை. "அதுக்குப் பொது விசாரணை வைக்கப்போறோம். யார் வேணும்னாலும் வந்து பேசலாம். அங்க வந்து சொல்லுங்க."

"நான் உன் புருஷன்."

"அதனாலதான் சொல்றேன். வேதியியல் சார் எங்கிட்ட என்ன சொன்னாலும் நாலு பேர் முன்னாடி சொல்றார். நீங்க மட்டும் சமையல்கட்டுல சொன்னா அது எந்த ஊர் நியாயம்?"

சார் ஒரு பீன்ஸை எடுத்து மிக நுணுக்கமாக நறுக்கினார். கோபம் வந்தது. கூடவே, வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை.

அதிலிருந்து விசாரணை நாள் வரைக்கும் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மற்றதெல்லாம் பேசினார்கள்: மழை வருமா, குழாயில் சொட்டு நிற்கவில்லையே, மகளுக்கு விடுமுறை எப்போது. மகள் விடுமுறையில் வந்தவள் ஒரு வேளை சாப்பாட்டிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னப்பா, அம்மாவும் நீங்களும் சண்டையா?"

"சண்டை இல்ல. விசாரணை நிலுவைல இருக்கு," என்றார் சார்.

"அம்மா?"

"அப்பா சொல்றது சரிதான். கூட்டு வேணுமா?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். விசாரணைக்கு அவளும் வருவதாகச் சொன்னாள்.

விசாரணை பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் நடந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு மட்டுமே நிறையும் அரங்கம். அன்று படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் துணைக்குழு: பாறை மேடம், பதிவாளர், நூலகப் பணியாளர், சட்ட மாணவி. பேச விரும்புபவர்கள் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். ஐந்து முடிந்ததும் மணி. வேதியியல் தலைவர் இரண்டு முறை மணி அடித்தும் உட்காராமல் போக, மூன்றாவது முறை மேடம் மைக் இல்லாமலேயே "சார்" என்றார். குன்றின் மேல் பழகிய குரல். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மேடம் எழுந்தார்.

"அடுத்துப் பேசப்போறவர் கணிதத் துறைத் தலைவர். என் வீட்டுக்காரர். அவர் பேசறப்ப நான் இந்த நாற்காலில இருக்கறதுல யாருக்காவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லுங்க, இறங்கிடறேன். இங்கயே இருந்தாலும் நான் கேள்வி கேக்க மாட்டேன். மத்தவங்க கேப்பாங்க. நான் மணி மட்டும் அடிப்பேன்."

"ஆட்சேபம் இல்ல," என்றார் வேதியியல், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஆனா மணி சரியா அடிக்கணும்."

அரங்கம் சிரித்தது. கணக்கு சாரும் சிரித்துக்கொண்டேதான் மைக் முன்னால் போனார்.

சார் நன்றாகப் பேசினார். நாற்காலி போய்விடுமே என்று பேசவில்லை. துறையை நடத்துவதும் ஒரு வேலை, அதைக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருஷம் ஆகிறது என்றார். வரிசை வந்துவிட்டது என்பதற்காக விருப்பமே இல்லாதவரை உட்கார வைத்தால் துறைதான் கெடும் என்றார். நன்றாக நடத்துகிறவரை நடுவில் இறக்குவது யாருக்கு லாபம் என்று கேட்டார். பழைய தலைவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க அவகாசம் வேண்டாமா என்றார். பலர் தலையாட்டினார்கள். மேடையில் மேடம் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். மணியைத் தொட அவர் கை நகர்ந்ததைப் பார்த்துச் சாரே முடித்துக்கொண்டார்.

நூலகப் பணியாளரும் பதிவாளரும் கேள்வி இல்லை என்றார்கள். சட்ட மாணவி மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"சார், உங்க துறைல தலைவரா இருக்கத் தகுதி உள்ளவங்க உங்களத் தவிர எத்தன பேரு?"

சார் யோசிக்கவே தேவையில்லை. "நாலு பேரு."

"நல்லா நடத்துவாங்களா?"

"நடத்துவாங்க. அதுல ஒருத்தங்க, புள்ளியியல் எடுக்கறவங்க, என்னைவிட நல்லா நடத்துவாங்க."

"இப்ப இருக்கற முறைல அவங்களுக்கு எப்ப வாய்ப்பு வரும் சார்?"

எளிய கணக்கு. அதை மனத்தில் போட்ட சார் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் அந்தப் புள்ளியியல் பேராசிரியை உட்கார்ந்திருந்தார். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல். பக்கத்துப் பக்கத்து அறையில் இத்தனை வருஷம் வேலை செய்தும், சார் இந்தக் கணக்கை ஒரு நாளும் போட்டதில்லை. ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம். பின்வரிசையிலிருந்து வேதியியல் தலைவர் கையால் ஏதோ சைகைகூடக் காட்டினார்.

"வராது," என்றார் சார். "நாலு பேருல மூணு பேரு எனக்கு முன்னாடியே ரிடையர் ஆயிடுவாங்க. அந்த மூணுல அவங்களும் ஒருத்தங்க. அவங்களுக்கு வராது."

சட்ட மாணவி தலையசைத்து மைக்கைத் தள்ளி வைத்தாள்.

"நான் சொல்ல வந்ததச் சொல்லிட்டேன்," என்றார் சார். "கேட்டதுக்கும் உள்ளதச் சொல்லிட்டேன். ரெண்டையும் எழுதிக்குங்க."

மணி அடித்தது. பாறை மேடம் அவரைப் பார்க்கவில்லை. அடுத்தவர் பேரைக் கூப்பிட்டார். ஆனால் அவர் கை மணியின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்ததை மகள் பார்த்தாள். சார் படியிறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தோத்துட்டீங்களாப்பா, ஜெயிச்சுட்டீங்களா?" என்று காதோடு கேட்டாள். "கணக்கு சரியா வந்துச்சு," என்றார் சார்.

விதி வந்தபோது அதில் இரண்டும் இருந்தன. தலைவர் பதவி மூன்று வருஷம். துறையில் உள்ளவர்கள் ரகசியமாக வாக்களித்து விரும்பினால் இன்னும் ஒரு முறை, அதற்கு மேல் இல்லை. விருப்பம் இல்லாதவர் வரிசையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பழையவரும் புதியவரும் ஒரு பருவம் சேர்ந்து வேலை பார்க்கவேண்டும். கடைசி இரண்டும் கணக்கு சார் சொன்னவை. அறிவிப்புப் பலகையில் அதைப் படித்துவிட்டு வந்த சார், "என் பேச்சுல இருந்து ரெண்ட எடுத்துட்டீங்களே, கேக்க வேண்டாமா?" என்றார் வீட்டில்.

"பொதுவுல சொன்னது பொதுச்சொத்து," என்றார் மேடம். பேச்சுக்கு இனித் தடை இல்லை. அன்று இருவரும் சேர்ந்து அந்த விதியை வரி வரியாக அலசினார்கள். ஒரு காற்புள்ளி தப்பான இடத்தில் இருப்பதைச் சார் கண்டுபிடித்தார். மேடம் மறுநாள் திருத்தினார்.

கணிதத் துறையில் எல்லோரும் சேர்ந்து புள்ளியியல் பேராசிரியையைத் தலைவர் ஆக்கினார்கள். ஒரு பருவம் முழுக்கச் சார் அவரோடு உட்கார்ந்து, எந்தக் கோப்பு எங்கே போகும், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் வேலை நடக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அது முடிந்ததும் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு, நடைபாதைக் கடைசியில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் அறைக்குப் போனார். சும்மா சொல்லக் கூடாது, முதலில் வலித்தது. தொலைபேசி அடிக்கவில்லை. வணக்கங்கள் குறைந்தன. ஒரு நாள் பழக்க தோஷத்தில் தலைவர் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். புதிய தலைவர் எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. கால் தானா வந்துடுச்சு," என்றார் சார்.

"நானே வர இருந்தேன் சார். முதலாம் வருஷப் பிள்ளைங்க நெறய பேரு தடுமாறறாங்க. நீங்க அந்த வகுப்ப எடுத்தா நல்லா இருக்கும். கட்டாயம் இல்ல."

தலைவராக இருந்த காலத்தில் முதலாம் வருஷ வகுப்பைத்தான் சார் புதிதாக வந்தவர்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனார். அரங்கு மாதிரியான பெரிய வகுப்பு, நூறு முகம். கரும்பலகையில் ஒரே இழுப்பில் ஒரு வட்டம் போட்டார். பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். சார் திரும்பிப் பார்க்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டதால். சீக்கிரத்திலேயே, பாஸ் ஆகவேண்டும் என்பதற்காக இல்லாமல், சும்மா சந்தேகம் கேட்கவே பிள்ளைகள் அந்த மூன்று பேர் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். மற்ற இருவருக்கும் இடமில்லாமல் போனது.

வேதியியல் தலைவரும் இறங்கினார். கொஞ்ச காலம் பாறை மேடத்தைக் கண்டால் வேறு பாதையில் போவார். பிறகு அவருடைய துறைப் புதிய தலைவரோடு ஒத்துவராமல், விதியில் எந்தப் பிரிவின்படி முறையிடலாம் என்று மேடத்திடமே கேட்க வந்தார். மேடம் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வேறு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதற்குள் ஆட்சிக்குழு அறையின் பின்பக்கம் பார்வையாளருக்கென்று இருக்கை போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம், பேசத்தான் கூடாது. அன்று வகுப்பு இல்லாததால் கணக்கு சாரும் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர்.

அன்றைக்குப் பாறை மேடமே ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். புதிய ஆசிரியர்களை எடுக்கும் நேர்காணல் குழுவில் ஆட்சிக்குழுவின் ஆசிரியர் உறுப்பினருக்கும் ஓர் இடம் வேண்டும். அப்போதுதான் சிபாரிசு நுழையாது என்பது அவர் வாதம். பல வருஷம் முன்பு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் அந்த வாதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எதிர்த்துப் பேசியவர் நூலகப் பணியாளர். எப்போதும் மேடத்தின் பக்கமே கை தூக்குகிறவர்.

"ஆள எடுக்கறதும் நாமே, எடுத்தது சரியான்னு பாக்கறதும் நாமேன்னா எப்படி மேடம்? இன்னிக்கு நீங்க இருக்கீங்க, நம்பலாம். நாளைக்கு அந்த நாற்காலில யாரோ?"

விவாதம் நீண்டது. துணைவேந்தரே இரண்டு பக்கமும் பேசினார். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். மேடத்தின் தீர்மானம் தோற்றது.

வெளியூர்ப் பேராசிரியர் சாரின் பக்கம் சாய்ந்தார். "அந்தம்மாதான் இதெல்லாத்தையும் மாத்தினாங்கன்னு கேள்விப்பட்டோம். அவங்களயே தோக்கடிச்சுட்டாங்களே?"

"ஆமாங்க," என்றார் சார். நெஞ்சு தானாகவே நிமிர்ந்தது. "என் வீட்டுக்காரங்கதான்."

கூட்டம் முடிந்து இருவரும் வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மைதானத்தில் யாரோ பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வருத்தமா?" என்று கேட்டார் சார்.

"எதுக்கு? அவர் சொன்னது சரி. அந்த எடத்த நான் யோசிக்கவே இல்ல." மேடம் நடையை நிறுத்தாமலே சொன்னார். "முன்னாடியெல்லாம் அந்த ரூம்ல ஒருத்தர் தோக்கறதுக்கு வழியே இல்லாம இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? இப்பப் பாருங்க, எவ்வளவு நல்லா தோத்தேன்."

குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. பந்து உதைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கவனிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானத்தை எப்படி மாற்றி எழுதலாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அதில் இரண்டாவது வரியிலேயே ஒரு தப்பு இருந்தது. சார் அதைச் சொன்னார். பேருந்து நிறுத்தம்வரை வாதாடிக்கொண்டே போனார்கள்.